பாட்டு நின்றுபோன கார்



இன்று நம் மையத்தில் புத்தகம் இல்லை. மேசை மேல் மூன்று பொருள்கள் வைத்திருக்கிறேன். ஒன்று, பழைய கார் ஸ்பீக்கர். இன்னொன்று, சுவர்க் கடிகாரத்துக்குப் போடுகிற சின்ன செல். மூன்றாவது, இரண்டு முழம் ஒயர். இவற்றை வைத்துத்தான் இன்று பேசப் போகிறேன்.

"காரே இல்லாத எங்களுக்குக் கார் ஸ்பீக்கர் எதற்கு?" என்று பின்னால் ஒரு அக்கா கேட்கிறார். சரியான கேள்விதான். நம் தெருக்களில் சொந்தமாகக் கார் வைத்திருப்பவர்கள் குறைவு. ஆனால் கார் ஓட்டிப் பிழைப்பவர்கள் நிறைய இருக்கிறார்கள். 2001-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் தேதி நம் தங்கச் சுரங்கம் மூடப்பட்டது. அதற்குப் பிறகு பல வீடுகளில் ஆண்களும் பெண்களும் விடியற்காலையில் மாரிக்குப்பத்தில் ரயில் ஏறினார்கள். பெங்களூரில் வேலை பார்த்துவிட்டு இரவில் திரும்பினார்கள். சிலர் ஊரிலேயே இருந்து வாடகை வண்டி ஓட்டினார்கள். இன்றும் ஓட்டுகிறார்கள். அப்படி ஓட்டுகிற அண்ணன் ஒருவர் நம் மையத்தில் படிக்கிறார். அவருடைய கதையைத்தான் சொல்லப் போகிறேன். அவரைக் கேட்டுக்கொண்டுதான் சொல்கிறேன். பெயர் மட்டும் வேண்டாம் என்றார்.

ஒரு நாள் மாலை அவர் கையில் ஒரு சீட்டோடு வந்தார். முகம் வாடியிருந்தது.

"டீச்சர், இதை நானே படித்துவிட்டேன். படித்த பிறகுதான் வயிறு கலங்குகிறது" என்றார்.

வாங்கிப் பார்த்தேன். ஒரு கடையில் எழுதிக் கொடுத்த கணக்கு அது. ஸ்பீக்கர் நான்கு. புது செட் ஒன்று. ஒயரிங். கூலி. மொத்தம் 11,500 ரூபாய்.

அவருடைய காரில் பாட்டு நின்றுபோய் மூன்று நாள் ஆகியிருந்தது. செட்டில் விளக்கு எரிகிறது. எண் ஓடுகிறது. ஆனால் நான்கு ஸ்பீக்கரிலும் சத்தம் இல்லை. கடையில் காட்டினார். பத்து நிமிடம் பார்த்தார்கள். "எல்லாம் போச்சு. மொத்தமாக மாற்ற வேண்டும்" என்று சொல்லிச் சீட்டை எழுதிக் கொடுத்தார்கள்.

பாட்டு இல்லாவிட்டால் என்ன, வண்டி ஓடாதா என்று நாம் கேட்கலாம். வண்டி ஓடும். வாடகை வராது. வேளாங்கண்ணிக்கு ஒரு குடும்பம் நான்கு நாள் பயணம் பேசியிருந்தது. ஆகஸ்டு 29-ல் அங்கே கொடியேற்றம். அதற்கு முன் போய்ச் சேர வேண்டும். இரவெல்லாம் ஓடுகிற வண்டி. வழியெல்லாம் மாதா பாட்டுக் கேட்டுக்கொண்டே போக வேண்டும் என்று அந்த வீட்டுப் பாட்டிக்கு ஆசை. "பாட்டு இல்லாத வண்டி என்றால் வேறு வண்டி பார்த்துக்கொள்கிறோம்" என்று சொல்லிவிட்டார்கள்.

அண்ணன் வீட்டில் யோசனை கம்மலுக்குப் போனது. தங்கம் எடுத்த ஊர் இது. ஆனால் தங்கத்தை அடகு வைக்காத வீடு நம் தெருவில் உண்டா?

எனக்கு அந்தச் சீட்டில் ஒன்று உறுத்தியது. "அண்ணே, நான்கு ஸ்பீக்கரும் ஒரே நாளிலா கெட்டுப்போச்சு?" என்று கேட்டேன்.

"ஆமாம் டீச்சர். ரெண்டாம் மைலில் ஒரு பள்ளத்தில் வண்டி இறங்கி ஏறியது. அத்தோடு எல்லாம் நின்றுவிட்டது."

எங்கள் வரிசையில் ஒரு தாத்தா இருக்கிறார். சுரங்கத்தில் எலக்ட்ரிஷியனாக வேலை பார்த்தவர். மின்சாரம் நம் ஊருக்குப் பழைய உறவு என்று அடிக்கடி சொல்லுவார். அது உண்மைதான். 1902-ஆம் ஆண்டிலேயே காவிரியின் சிவனசமுத்திரம் அருவியில் இருந்து நம் சுரங்கத்துக்கு மின்சாரம் வந்தது. சுமார் 148 கிலோ மீட்டர் தூரம் கம்பி இழுத்தார்கள். பெங்களூர்த் தெருவுக்கு மின்விளக்கு வந்தது 1905-ல்தான். அந்தத் தாத்தாவிடம் அண்ணனைக் கூட்டிக்கொண்டு போனேன்.

தாத்தா சீட்டைப் பார்க்கவில்லை. முதலில் செட்டைப் போடச் சொன்னார். காரில் உட்கார்ந்து சும்மா கேட்டார். காதைக் கதவோரம் வைத்தார். நமக்குச் சிரிப்பு வந்தது. சத்தமே இல்லாத ஸ்பீக்கரில் என்ன கேட்கிறார்?

"சிரிக்காதே கண்ணு" என்றார். "சுரங்கத்தில் வெடி வைத்த பிறகு உள்ளே போனால், முதல் வேலை என்ன தெரியுமா? கம்பியால் மேல் பாறையைத் தட்டுவோம். கணீர் என்றால் பாறை கெட்டி. டொம் என்றால் பாறை விட்டிருக்கிறது, விழும். காதை வைத்துத்தான் உயிர் பிழைத்தோம். கெட்டுப்போன பொருளும் ஏதாவது சொல்லும். முதலில் அதைக் கேட்க வேண்டும். அப்புறம்தான் கையை வைக்க வேண்டும்."

பிறகு அண்ணனிடம் கேட்டார். "தம்பி, செட்டில் ஏதாவது எழுத்து வருகிறதா?"

"வருது மாமா. போட்டதும் ஏதோ இங்கிலீஷ் எழுத்து ஓடும். அப்புறம் போயிடும். எனக்குத் தமிழ்தானே படிக்க வரும்."

நான் குனிந்து படித்தேன். "புரொடெக்ட்" என்று வந்தது. அதற்கு "காப்பாற்று" என்று பொருள் என எனக்குத் தெரியும். ஆனால் செட் எதைக் காப்பாற்றுகிறது என்பது தெரியவில்லை. எழுத்தைப் படிப்பது ஒன்று. அது சொல்வதைப் புரிந்துகொள்வது இன்னொன்று. அன்று நானும் ஒரு மாணவிதான்.

தாத்தா விளக்கினார். செட்டில் இருந்து ஸ்பீக்கருக்கு ஒயர் போகிறது. அந்த ஒயர் எங்காவது தோல் உரிந்து, உள்ளே இருக்கும் செம்பு காரின் இரும்பில் பட்டால் ஷார்ட் ஆகும். அப்போது மின்சாரம் தாறுமாறாகப் பாயும். செட் கருகிவிடும். அதனால் நல்ல செட் ஷார்ட்டை உணர்ந்ததும் தானே வாயை மூடிக்கொள்ளும். ஒரு ஒயரில் கோளாறு என்றாலும் நான்கு ஸ்பீக்கருக்கும் சத்தத்தை நிறுத்திவிடும். அதைத்தான் அந்த எழுத்து சொல்கிறது. மூன்று நாளாக அந்தச் செட் தன் நோயைத் தானே எழுதிக் காட்டிக்கொண்டு இருந்திருக்கிறது!

இங்கே கொஞ்சம் நிற்போம். ஸ்பீக்கர் எப்படிப் பேசுகிறது என்று தெரிந்தால்தான் மீதிக் கதை புரியும்.

இந்த ஸ்பீக்கரைக் கையில் வாங்கிப் பாருங்கள். கனமாக இருக்கிறதா? பின்னால் இருப்பது காந்தம். அதனால்தான் கனம். முன்னால் கூம்பு போல ஒரு காகிதம். அந்தக் கூம்பின் அடியில் மெல்லிய செம்புக் கம்பியைச் சுற்றி ஒட்டியிருக்கிறார்கள். அதற்குக் காயில் என்று பெயர். காந்தத்தின் நடுவே இருக்கும் சின்ன இடுக்கில் காயில் தொங்குகிறது. எதிலும் முட்டாமல் தொங்க வேண்டும். செட்டில் இருந்து மின்சாரம் வந்தால் காயிலும் ஒரு காந்தம் ஆகிவிடும். காந்தமும் காந்தமும் சும்மா இருக்குமா? இழுக்கும், தள்ளும். காயில் முன்னும் பின்னும் ஆடும். காகிதமும் ஆடும். காகிதம் காற்றை அசைக்கும். அந்த அசைவுதான் நம் காதில் பாட்டாக விழுகிறது. அமெரிக்காவில் செஸ்டர் ரைஸ், எட்வர்டு கெல்லாக் என்ற இரண்டு பொறியாளர்கள் 1925-ல் இந்த வகை ஸ்பீக்கரை விளக்கி எழுதினார்கள். இன்றைக்குப் புதுக் காரில் வருவதும் அடிப்படையில் இதே பொருள்தான்.

இப்போது இந்தச் செல்லை எடுங்கள். இதில் ஒன்றரை வோல்ட் மின்சாரம் இருக்கிறது. தொட்டால் உடம்பில் அடிக்காது. ஸ்பீக்கரின் பின்னால் இரண்டு தகடு இருக்கிறது. ஒன்றின் பக்கத்தில் + என்று கூட்டல் குறி. நாம் கணக்கில் படித்த அதே குறிதான். மற்றொன்று கழித்தல். செல்லிலும் கூட்டல், கழித்தல் உண்டு. மொட்டு உள்ள பக்கம் கூட்டல். ஒயரை வைத்துக் கூட்டலைக் கூட்டலிலும், கழித்தலைக் கழித்தலிலும் தொடுங்கள். ஒரு நொடி போதும்.

டப்!

கேட்டதா? காகிதம் வெளியே எம்பியதைப் பார்த்தீர்களா? ஒயரை மாற்றித் தொட்டால் உள்ளே இறங்கும். சத்தம் வந்தால் காயில் அறுந்துபோகவில்லை என்று பொருள். ஒன்றுமே வராவிட்டால் காயில் அறுந்துவிட்டது. செல்லை அழுத்திப் பிடித்துக்கொண்டே இருக்காதீர்கள். தொட வேண்டும், எடுக்க வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. ஸ்பீக்கர் செட்டோடு சேர்ந்து இருக்கும்போது செல்லைத் தொடக் கூடாது. ஒயரைப் பிரித்த பிறகுதான் தொட வேண்டும். இல்லாவிட்டால் செட் கெட்டுப்போகலாம்.

சரி, கதைக்கு வருவோம்.

தாத்தா சாவியை அணைத்தார். செட்டை வெளியே இழுத்தார். பின்னால் ஒரு கட்டு ஒயர். பல நிறம். அண்ணன் பயந்துவிட்டார். "பயப்படாதே தம்பி. இதுவும் எழுத்து மாதிரிதான். ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு பொருள் உண்டு" என்றார் தாத்தா.

கடையில் தனியாக விற்கிற செட்டுகளில் பெரும்பாலும் இப்படி இருக்கும். வெள்ளை ஒயர் முன் இடது ஸ்பீக்கருக்குப் போகும். சாம்பல் ஒயர் முன் வலது. பச்சை ஒயர் பின் இடது. ஊதா ஒயர் பின் வலது. ஒவ்வொன்றுக்கும் ஜோடியாக, அதே நிறத்தில் கறுப்புக் கோடு போட்ட ஒயர் ஒன்று இருக்கும். அது கழித்தல். மஞ்சளும் சிவப்பும் பேட்டரியில் இருந்து வருவது. முழுக் கறுப்பு எர்த். கார் கம்பெனியே போட்டுக் கொடுக்கும் செட்டில் நிறம் மாறும். அதற்கு நிறத்தை நம்பக் கூடாது.

நான்கு ஜோடியையும் தாத்தா பிரித்துவிட்டார். நுனிகள் ஒன்றில் ஒன்று படாமல் டேப் சுற்றினார். ஸ்பீக்கரே இல்லாமல் செட்டைப் போட்டார். அந்த எழுத்து வரவில்லை! செட் நன்றாகத்தான் இருக்கிறது. சீட்டில் பெரிய தொகை அதற்குத்தான். அது அங்கேயே கழிந்தது.

செட்டை அணைத்தார். ஊதா ஜோடியை மட்டும் சேர்த்தார். போட்டார். பின் வலது ஸ்பீக்கரில் பாட்டு வந்தது. அண்ணனின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! மறுபடி அணைத்தார். வெள்ளையைச் சேர்த்தார். அதுவும் பாடியது. சாம்பலைச் சேர்த்தார். முன் வலதில் பாட்டு வந்தது, ஆனால் கரகர என்று இருந்தது. "இருக்கட்டும், அதை அப்புறம் பார்ப்போம்" என்றார். கடைசியில் பச்சையைச் சேர்த்தார். எல்லாம் நின்றது. எழுத்து வந்தது.

கள்ளன் பச்சையில் இருந்தான்.

பச்சை என்றால் பின் இடது. ஆனால் கோளாறு ஸ்பீக்கரிலா, ஒயரிலா? இங்கேதான் பலர் அவசரப்பட்டுப் புது ஸ்பீக்கர் வாங்குகிறார்கள். தாத்தா கதவைத் தொடவே இல்லை. முன்னால் உட்கார்ந்தபடியே பச்சை ஜோடியைச் செட்டில் இருந்து பிரித்தார். கதவுக்குப் போகும் அந்த இரண்டு ஒயர் நுனியிலும் செல்லைத் தொட்டார். ஒயரும் ஸ்பீக்கரும் நன்றாக இருந்தால் பின் கதவில் இருந்து டப் என்று கேட்க வேண்டும். கேட்டது. அண்ணன் பின் கதவைத் திறந்து மூடினார். திறக்கும்போது கேட்டது. மூடும்போது கேட்கவில்லை. பிறகு கேட்டது. பிறகு இல்லை.

"கீல் பக்கம்" என்றார் தாத்தா.

காரின் கதவுக்கும் உடம்புக்கும் நடுவில் ஒரு ரப்பர் குழாய் இருக்கும். கதவு ஒயர் எல்லாம் அதன் வழியாகத்தான் போகும். கதவைத் திறக்கும்போது ஒயர் நீளும், மூடும்போது மடங்கும். ஒரு நாளைக்கு எத்தனை முறை? பத்து வருட வண்டி என்றால் எத்தனை ஆயிரம் முறை? தகரத்தை முன்னும் பின்னும் மடக்கினால் ஒடிவது போல ஒயரும் உள்ளே ஒடியும். கதவு ஸ்பீக்கரில் சத்தம் விட்டு விட்டு வந்தால் முதலில் இங்கே பாருங்கள்.

ரப்பரை விலக்கினோம். இரண்டு ஒயரில் ஒன்று தோல் கிழிந்து, செம்பு பளபள என்று தெரிந்தது. பள்ளத்தில் வண்டி குலுங்கியபோது அது கதவு இரும்பில் போய் ஒட்டியிருக்கிறது. பழைய காலத்துச் செட்டுகள் சிலவற்றில் ஸ்பீக்கரின் கழித்தல் ஒயரை வண்டி இரும்பிலேயே கொடுத்துவிடுவார்கள். அந்தப் பழக்கத்தில் இன்றும் சில பேர் அப்படிச் செய்கிறார்கள். இப்போதைய செட்டுகளில் அது ஆகவே ஆகாது. ஸ்பீக்கரின் இரண்டு ஒயரும் இரும்பில் படக் கூடாது.

கிழிந்த இடத்தை வெட்டி, புது ஒயர் ஒரு சாண் சேர்த்தார். முறுக்கி, ஈயப் பற்று வைத்தார். ஒவ்வொன்றுக்கும் தனியாக டேப் சுற்றினார். கொஞ்சம் தளர்வாக விட்டார். இழுத்துக் கட்டினால் மறுபடி அறுந்துவிடும்.

போட்டுப் பார்த்தோம். நான்கும் பாடியது. ஆனால் தாத்தா தலையை ஆட்டினார். "அடி இல்லை" என்றார். தவில் சத்தம் பொத்தென்று விழ வேண்டும். அது மெலிந்து தகரம் போலக் கேட்டது. எனக்கு முதலில் வித்தியாசமே தெரியவில்லை. பிறகு தெரிந்தது. என்ன நடந்தது என்றால், ஒட்டுப் போடும்போது கூட்டலும் கழித்தலும் மாறிவிட்டது. மூன்று ஸ்பீக்கர் காற்றை முன்னால் தள்ளும்போது நான்காவது பின்னால் இழுக்கிறது. இரண்டு பேர் உலக்கை மாற்றி மாற்றிக் குத்தினால் சரி. இரண்டு பேர் ஒரே கயிற்றை எதிர் எதிராக இழுத்தால் தண்ணீர்க் குடம் மேலே வருமா? அதுபோல அடிச் சத்தம் ஒன்றை ஒன்று தின்றுவிடும். செல்லை வைத்துக் காகிதம் எம்புகிறதா, இறங்குகிறதா என்று பார்த்தார். மாற்றிக் கொடுத்தார். தவில் திரும்பி வந்தது.

இனி அந்தக் கரகர சத்தம். முன் வலது கதவு. உள்பக்க அட்டையைக் கழற்றினோம். டிரைவர் பக்கக் கதவு என்றால் மழையில் அதிகம் திறப்பது அதுதான். கதவுக்குள்ளே ஒரு பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருக்க வேண்டும். கண்ணாடி வழியாக இறங்கும் மழைத் தண்ணீர் இந்தப் பக்கம் வராமல் தடுப்பது அது. முன்பு கண்ணாடியைப் பழுது பார்த்த யாரோ அதைக் கிழித்து எடுத்துவிட்டு, திரும்ப ஒட்டாமல் போயிருந்தார்கள். தண்ணீர் பட்டுக் காகிதம் ஊறி, ஓரம் கிழிந்திருந்தது. நடுவில் மூடி விட்டிருந்தது. அந்த வழியாக நம் ஊர்ப் புழுதி உள்ளே போய்விட்டது. சயனைடு மலைக்குப் பக்கத்தில் குடியிருப்பவர்களுக்கு நான் சொல்ல வேண்டாம். காற்றுக் காலத்தில் அந்த மாவு போன்ற மண் பூட்டிய பெட்டிக்குள்ளும் போகும்.

தாத்தா இரண்டு கை விரலையும் காகிதத்தின் இரு பக்கமும் வைத்து மெதுவாக அழுத்தச் சொன்னார். நல்ல ஸ்பீக்கர் என்றால் சத்தம் இல்லாமல் பஞ்சு போல உள்ளே போய் வரும். இது சர்ர் என்று உரசியது. காயில் காந்தத்தில் உரசுகிறது. நீங்கள் இப்போது கையில் வைத்திருக்கிறீர்களே, இது அந்த ஸ்பீக்கர்தான். அழுத்திப் பாருங்கள். செல்லை வைத்தால் டப் என்கிறது, ஆனாலும் கெட்டதுதான். அதனால் செல் ஒன்றை மட்டும் நம்பிவிடாதீர்கள். காதும் விரலும் சேர்ந்து சாட்சி சொல்ல வேண்டும்.

இதைத்தான் மாற்ற வேண்டும் என்று தாத்தா சொல்லிவிட்டார். ஆக, அந்தக் கடைக்காரர் சொன்னது முழுப் பொய் இல்லை. நான்கில் ஒன்று கெட்டிருந்தது. அவருக்கு நேரம் இல்லையோ, தெரியவில்லையோ, வேறு எண்ணமோ. அதை நான் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். ஆனால் "எல்லாம் போச்சு" என்று யார் சொன்னாலும், "எது போச்சு? காட்டுங்கள்" என்று கேட்கும் உரிமை காசு கொடுப்பவருக்கு உண்டு. மாற்றிய பழைய பொருளைத் திருப்பிக் கேளுங்கள். அது உங்கள் பொருள்.

முன்பக்கத்துக்கு ஒரு ஜோடியாக வாங்குவது நல்லது, அப்போதுதான் இரண்டு பக்கமும் ஒரே குரலில் பாடும் என்றார் தாத்தா. அண்ணன் மறுநாள் ரயிலில் பெங்களூருக்குப் போனார். எஸ்.பி. ரோடு, அதாவது சதர் பத்ரப்பா ரோடு, மின்பொருள் கடைகள் நிறைந்த தெரு. போகும் முன் பழைய ஸ்பீக்கரின் பின்னால் ஒட்டியிருந்த எண்களை நானும் அவரும் சேர்ந்து படித்தோம். அதில் 4 ஓம் என்று இருந்தது. ஓம் என்றால் கோவில் ஓம் இல்லை. மின்சாரத்துக்கு எவ்வளவு தடை இருக்கிறது என்று சொல்லும் அளவு. ஜெர்மனியைச் சேர்ந்த ஓம் என்ற அறிஞரின் பெயர் அது. செட்டுக்கு 4 ஓம் என்று இருந்தால் 4 ஓம் ஸ்பீக்கர்தான் வாங்க வேண்டும். ஒரே ஜோடி ஒயரில் இரண்டு ஸ்பீக்கரைப் பக்கம் பக்கமாகக் கொடுத்தால் தடை 2 ஓம் ஆகிவிடும். செட் சூடேறும்.

மல்டிமீட்டர் வைத்திருப்பவர்கள் இதை அளந்தே பார்க்கலாம். 4 ஓம் ஸ்பீக்கரில் மீட்டர் 3-க்கும் 4-க்கும் நடுவில் காட்டும். அது சரிதான், குறைவாக இருக்கிறதே என்று பயப்பட வேண்டாம். எண்ணே ஓடாமல் நின்றால் காயில் அறுந்தது. சுழி பக்கம் போனால் காயில் கருகி ஒட்டிவிட்டது.

இன்னொரு எண், வாட். பெட்டியில் 50 வாட், 200 வாட் என்று பெரிதாகப் போட்டிருப்பார்கள். சந்தையில் கத்திரிக்காய் விற்கிறவர் கூவுவது போல அது. 12 வோல்ட் பேட்டரியில் ஓடுகிற சாதாரண செட் ஒரு ஸ்பீக்கருக்கு நிதானமாகக் கொடுப்பது 20 வாட் சுற்றுத்தான். பெரிய எண்ணுக்குப் பெரிய காசு கொடுக்க வேண்டாம். அண்ணன் ஒரு ஜோடி 1,200 ரூபாய்க்கு வாங்கி வந்தார். தாத்தா கூலி வாங்கவில்லை. ஒரு கட்டு வெற்றிலை மட்டும் வாங்கிக்கொண்டார்.

இந்தக் கதையில் வராத கோளாறுகள் சிலவற்றையும் சொல்லிவிடுகிறேன்.

ஒரு பக்கம் மட்டும் சத்தம் இல்லை என்றால், எதையும் கழற்றாதீர்கள். செட்டில் பேலன்ஸ், ஃபேடர் என்று இரண்டு உண்டு. பேலன்ஸ் சத்தத்தை இடம் வலமாகத் தள்ளும். ஃபேடர் முன் பின்னாகத் தள்ளும். குழந்தைகள் விளையாடித் திருப்பியிருப்பார்கள். அதை நடுவில் வைத்துவிட்டுக் கேளுங்கள். சில பேருக்கு அங்கேயே தீர்ந்துவிடும்.

அப்படியும் வராவிட்டால், செட்டின் பின்னால் இடது ஒயரை வலதுக்கும், வலதை இடதுக்கும் மாற்றிக் கொடுங்கள். செட்டை அணைத்துவிட்டுத்தான். ஊமையாக இருந்த ஸ்பீக்கர் இப்போது பாடினால் குற்றம் செட்டில். அதே ஸ்பீக்கர் இன்னும் ஊமை என்றால் குற்றம் அந்த ஸ்பீக்கரிலோ அதன் ஒயரிலோ. காசே செலவில்லாத சோதனை இது.

இஞ்சினை முடுக்கும்போது ஸ்பீக்கரில் ங்ஙீ என்று ஒரு சத்தம் கூடக் கூட வருகிறதா? ஸ்பீக்கரைத் திட்டாதீர்கள். பெரும்பாலும் எர்த் ஒயர் சரியாகப் பிடிக்கவில்லை. கறுப்பு ஒயர் திருகிய இடத்தில் பெயிண்டையும் துருவையும் சுரண்டிவிட்டு இறுக்குங்கள்.

செட்டில் விளக்கே எரியவில்லை என்றால் ஃபியூஸைப் பாருங்கள். சிவப்பு ஃபியூஸில் 10 என்று இருக்கும். நீலத்தில் 15. மஞ்சளில் 20. எது இருந்ததோ அதையேதான் போட வேண்டும். சிகரெட் பெட்டித் தாளைச் சுற்றிப் போடுகிறவர்கள் நம் ஊரில் உண்டு. ஃபியூஸ் எரிந்தால் ஐந்து பத்து ரூபாய். தாளைச் சுற்றினால் ஒயர் எரியும், அப்புறம் வண்டி எரியும். உள்ளே பிள்ளைகள் தூங்கிக்கொண்டு இருப்பார்கள்.

பெரிய ஒயர் வேலை செய்யும் முன் பேட்டரியின் கழித்தல் முனையை முதலில் கழற்றிவிடுங்கள். புதிய கார்களில் மஞ்சள் கப்ளர் போட்ட ஒயர் இருந்தால் அது ஏர்பேக்குடையது. அதைத் தொடவே வேண்டாம். செல்லும் வைக்க வேண்டாம், மீட்டரும் வைக்க வேண்டாம். அது வெடித்து விரியக் கூடியது. அதற்கென்று படித்தவர்களிடம் விட்டுவிடுங்கள்.

சத்தத்தைக் கடைசி வரை திருப்புவதும் ஸ்பீக்கரைக் கொல்லும். செட் தன் சக்திக்கு மேல் கத்தினால் பாட்டு நசுங்கி வரும். அப்போது காயில் சூடேறும். கருகிய வாசனை வந்தால் அது போய்விட்டது. காதுக்கும் அதேதான். 85 டெசிபல் சத்தத்தில் எட்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்று சொல்கிறார்கள். சுரங்கத்தில் டிரில் பிடித்தவர்கள் பேசும்போது ஏன் கத்திப் பேசுகிறார்கள் என்று நமக்குத் தெரியும். ஸ்பீக்கரை மாற்றலாம். காதுக்கு எஸ்.பி. ரோட்டில் கடை இல்லை.

அண்ணன் வேளாங்கண்ணிக்குப் போய்விட்டு வந்தார். அந்தப் பாட்டி கொடுத்தனுப்பிய பொரியும் மெழுகுவர்த்தியும் மையத்துக்கும் வந்தன. நேற்று அவருடைய காரில் ஒன்றைப் பார்த்தேன். டாஷ்போர்டு பெட்டியின் மூடிக்கு உள்பக்கம் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. நோட்டில் இருந்து கிழித்த தாள். பெரிய பெரிய எழுத்து. வரி கொஞ்சம் மேலும் கீழும் போகிறது. அவரே எழுதியது.

வெள்ளை – முன் இடது.
சாம்பல் – முன் வலது.
பச்சை – பின் இடது. கீலில் ஒட்டு உள்ளது.
ஊதா – பின் வலது.

"ஊதா" என்பதில் முதலில் குறில் "உ" எழுதி, பிறகு அடித்துத் திருத்தியிருக்கிறார். நான் சொல்லவில்லை. அவராகவே பார்த்துத் திருத்தியிருக்கிறார்.

இந்த ஸ்பீக்கரும் செல்லும் இங்கேயே இருக்கும். யார் வேண்டுமானாலும் தொட்டுப் பாருங்கள். ஒரு நொடிதான்.